பெரிய கோயில் மர்மமும் 100 கலம் நெல்லும்

கேள்வி: நான் பி.காம் படிச்சவன் சார். தஞ்சாவூர் பக்கத்து கோயில்கள பத்தி வீடியோ போடுறேன். கல்வெட்டு ஆதாரத்தோட போட்டா 300 பேர் பாக்குறாங்க, 'பெரிய கோயில் மர்மம்'னு போட்டா லட்சத்த தாண்டுது. நான் எந்தப் பக்கம் போறது?
- வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: தம்பி, உங்க தவிப்பு எனக்குப் புரியுது, ஏன்னா நானும் லோக்கல் கேபிள் டிவில பேச ஆரம்பிச்ச புதுசுல கோபுர நிழல் தரையில விழாதுன்னு அடிச்சுச் சொன்னவன்தான். மறுநாள் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் போன் பண்ணினார், திட்டல, "சாயங்காலம் ஒரு தடவ போய் நின்னு பாரு தம்பி"ன்னு மட்டும் சொன்னார். போனேன், நிழல் பிராகாரத்துல நீளமா கிடக்கு, ஜனங்க அதுலதான் உக்காந்து பேசிட்டு இருக்காங்க. அடுத்த வாரமே அதே ப்ரோக்ராம்ல நான் சொன்னது தப்புன்னு சொல்லிட்டேன். உச்சியில இருக்குறது 80 டன் ஒத்தக் கல்லுன்னு சொல்றதும் இப்படித்தான், அது பல கல்ல சேர்த்து கட்டினது.

ஆனா அந்த சுவத்துல நிஜமா எழுதியிருக்குறத படிச்சா மர்மமெல்லாம் சப்புன்னு போயிடும் தம்பி. தளிச்சேரிப் பெண்டுகள்னு, அதாவது கோயில்ல ஆடிப் பாடி பணி செஞ்ச பெண்கள், 400 பேர ராஜராஜன் சோழ நாட்டு கோயில்கள்ல இருந்து இங்க கொண்டாந்து குடி வச்சிருக்கான், ஒவ்வொருத்தி பேரும் இருக்கு, திருவாரூர்ல இருந்து வந்தவ, நாகப்பட்டினத்துல இருந்து வந்தவ, எந்தத் தெரு, தென்சிறகா வடசிறகா (தெருவோட தெக்கு வரிசையா வடக்கு வரிசையா), எத்தனாவது வீடு, ஆளுக்கு வருஷத்துக்கு 100 கலம் (அந்தக் கால முகத்தல் அளவு) நெல்லுன்னு எல்லாம் வெட்டி வச்சிருக்காங்க. 1000 வருஷத்துக்கு முந்தின வீட்டு அட்ரஸ் தம்பி அது! திருவாரூர்க்காரங்களுக்கு அத படிச்சுக் காட்டிப் பாருங்க, பாக்காம போக மாட்டாங்க. 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்'ங்கிற புத்தக வரிசையில 2ஆம் தொகுதி, 66ஆம் எண் கல்வெட்டு, முழுசா அச்சுல இருக்கு.

அதுக்காக ஊர்ல சொல்ற கதைய தூக்கிப் போட்டுடாதீங்க. சாரப்பள்ளம்ங்கிற ஊர்ல இருந்து சாரம் கட்டித்தான் கல்ல மேல ஏத்தினாங்கன்னு எங்க பக்கம் பெருசுங்க சொல்லுவாங்க, அத அவங்க குரல்லயே ரெக்கார்டு பண்ணி வைங்க, "ஊர்ல இப்படி சொல்றாங்க"ன்னு ஸ்க்ரீன்லயே போடுங்க. கல்வெட்டு சொல்றது வேற, தாத்தா சொல்றது வேறன்னு பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சா போதும்.

கேள்வி: ராஜராஜன் எங்க சாதிதான்னு என் கமெண்ட்ல தினமும் சண்டை. நீங்களாவது உண்மைய சொல்லுங்க.
- வாசகி, கும்பகோணம்

பதில்: சோழர் செப்பேடுகள் அவங்கள சூரிய குலம்னு சொல்லுது, அதுக்கு மேல இன்னைக்கு இருக்குற சாதிப் பேர அவன் மேல ஒட்ட நம்மகிட்ட ஆதாரம் இல்லம்மா. நான் மேல சொன்ன அதே கல்வெட்டுல வண்ணார், நாவிதர், தையக்காரர், தச்சர், குடை பிடிக்கிறவர், விளக்கு ஏத்துறவர்னு எல்லாருக்கும் பங்கு எழுதியிருக்கு. இவங்க எங்க பாட்டன்னு சொல்லிட்டு இதுவரைக்கும் ஒருத்தர் கூட என்கிட்ட வரல, எனக்கு அதுதான் மனசு கஷ்டமா இருக்கு.

கேள்வி: வேலைய விட்டுட்டு முழு நேரமா கோயில், கல்வெட்டு வீடியோ போடுறதுல இறங்கலாமா?
- வாசகர், மன்னார்குடி

பதில்: இப்போதைக்கு விடாதீங்க, வீடியோ வருமானம் ஒரு மாசம் மாதிரி இன்னொரு மாசம் இருக்காது. முதல்ல கல்வெட்டு எழுத்துப் படிக்கக் கத்துக்குங்க, தஞ்சாவூர் தமிழ்ப் பல்கலைக்கழகத்துலயே கல்வெட்டியல் துறை இருக்கு, போய் விசாரிங்க. ஷூட்டிங்க காலைலயே வச்சுக்குங்க, வெயில் பக்கவாட்டுல அடிக்கிறப்ப வெட்டு நல்லா எடுப்பா தெரியும். எழுத்து தெரியலன்னு சாக்பீஸ், மாவு எதுவும் கல்லு மேல தேய்க்காதீங்க, ஒரு டார்ச்ச சாய்ச்சு பிடிச்சாலே போதும்.