அமெரிக்கன் ஃபுட்பாலில் ட்ரிப்ஸ் அமைப்பில் (ஒரே பக்கம் மூன்று ரிசீவர்கள், அதாவது பாஸ் பிடிப்பவர்கள்) நடு ரிசீவர் பிடித்தால் மட்டும் நடுவரின் தவறுக் கொடி விழுகிறதா?

உங்கள் நடு ரிசீவர் ஸ்க்ரிமேஜ் கோட்டிலேயே (ஆட்டம் தொடங்குமுன் பந்து இருக்கும் கோடு) நிற்கிறார், அதுதான் காரணம். கோட்டின் இரு முனையில் நிற்பவர்களும் பின்னால் நிற்பவர்களும்தான் முன்னோக்கி எறியும் பாஸைப் பிடிக்கலாம். அவருக்கு வெளியே இன்னொருவர் கோட்டில் நின்றால் இவர் முனை ஆள் இல்லை.

ரூட்டுகளை (ரிசீவர்கள் ஓடும் பாதைகளை) மாற்ற வேண்டாம். மூவரில் வெளியோரத்தவர் மட்டும் கோட்டில், மற்ற இருவர் ஒரு யார்டு பின்னால். எதிர்ப்பக்கத் தனி ரிசீவரும் கோட்டில். நடுவே நிற்கும் ஐந்து லைன்மேன்களோடு கோட்டில் 7 பேர் ஆயிற்று. பாஸ் எறியும் குவார்ட்டர்பேக், பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கோடு பின்னால் 4 பேர்.

பையன்கள் அவசரத்தில் முன்னே நகர்ந்துவிடுவது சகஜம். பயிற்சியில் ஸ்னாப்புக்கு (பந்தைப் பின்னால் தந்து ஆட்டம் தொடங்குவது) முன் அப்படியே நிற்கச் சொல்லி, பக்கக்கோட்டிலிருந்து நீங்களே பாருங்கள். ஆட்டத்தில் வெளியோரத்தவர் தான் கோட்டில் இருப்பதைப் பக்கக்கோட்டு நடுவரிடம் சைகையால் உறுதி செய்துகொள்ளட்டும். பல அணிகள் சோம்பலில் இதை விட்டுவிடுகின்றன.

ஒன்று, மூவரில் ஒருவர் டைட் எண்டாக (லைன்மேன்களை ஒட்டி நிற்பவர்) அதே பக்கம் கோட்டில் வந்தால் கணக்கு மாறும்: அவர்தான் முனை, வெளியே நிற்கும் இருவருமே பின்வாங்க வேண்டும். அப்புறம் சட்டை எண்ணையும் பாருங்கள். பள்ளி ஆட்டத்தில் 50 முதல் 79 வரை அணிந்தவர் எங்கே நின்றாலும் முன்னோக்கிய பாஸைப் பிடிக்கத் தகுதியில்லை.