வராதவர்களின் கணக்கு

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

என் மகள் திருவனந்தபுரத்தில் நோய்ப்பரவலியலில், அதாவது நோய் யாருக்கு, ஏன் வருகிறது என்று மக்களிடையே ஆராயும் துறையில், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். நாள்பட்ட நோய்கள்தான் அவள் துறை. ஓணத்துக்கு வந்திருந்த சொந்தக்காரர்கள் "டாக்டருக்கா படிக்கிறாள்?" என்று கேட்டார்கள். நோயாளிக்கு வைத்தியம் பார்க்கும் படிப்பு இல்லை என்று சொன்னதும் அவர்கள் முகம் மாறிவிட்டது. அவளோ, தன் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று தினமும் எண்ணிப் பார்த்துச் சோர்ந்துபோகிறாள். இந்த வேலையால் விளைந்தது இது என்று நான் எதைக் காட்டுவது?

எம்.எஸ்., பாறசாலை

அன்புள்ள எம்.எஸ்.,

காட்டுவதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒன்று இருக்கிறது. 1996-இல் திருவனந்தபுரத்தின் வட்டாரப் புற்றுநோய் மையமான ஆர்.சி.சி.யைச் சேர்ந்தவர்கள் 13 ஊர்ப் பகுதிகளை எடுத்துக்கொண்டு, குலுக்கல் முறையில் 7, 6 என்று பிரித்தார்கள். ஏழு பகுதிகளில், 35 வயது கடந்த அத்தனை பேர் வீட்டுக்கும் பயிற்சி பெற்ற ஊழியர்கள் மூன்று ஆண்டுகளுக்கு ஒரு முறை போய், வாய்ப்புற்றுநோயின் அறிகுறி உண்டா என்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவம் படித்தவர்கள் அல்லர். கன்னத்தின் உட்புறம், நாக்கின் அடி, ஈறு. வெள்ளைப் படலமோ ஆறாத புண்ணோ இருந்தால் மருத்துவரிடம் போகச் சொன்னார்கள். மற்ற ஆறு பகுதிகளில் வழக்கமான மருத்துவம் மட்டும் நடந்தது. இரண்டு பக்கமும் சேர்த்து 1,91,873 பேர். இதை முன்னின்று நடத்தியவர் ரெங்கசுவாமி சங்கரநாராயணன். ஆர்.சி.சி.யில் பணியாற்றிவிட்டு, பிரான்ஸின் லியோன் நகரில் உள்ள பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமைக்குப் போனவர்.

நம் பக்கத்தில் வெற்றிலைச் செல்லம் இல்லாத பழைய வீடு உண்டா? முந்திரி ஆலையிலும் ரப்பர் தோட்டத்திலும் வேலை செய்த பெண்களுக்குப் பசியை அடக்கியது புகையிலைத் துண்டுதான். இந்த வாய்களைத்தான் அவர்கள் பார்த்தார்கள்.

முடிவு 2005-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வந்தது. பரிசோதனை நடந்த பகுதிகளில் வாய்ப்புற்றுநோயால் இறந்தவர்கள் 77 பேர், நடக்காத பகுதிகளில் 87 பேர். இந்த இடைவெளி தற்செயலாகவும் இருக்கலாம் என்பதைக் கட்டுரையின் எண்களே மறைக்காமல் காட்டின. ஆனால் புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களை மட்டும் எடுத்துப் பார்த்தபோது ஒரு பக்கம் 70 சாவு, மறுபக்கம் 85. எத்தனை பேரில் எத்தனை சாவு என்று விகிதமாகக் கணக்கிட்டால் 34 சதவீதம் குறைவு. அது தற்செயல் இல்லை என்று சொல்லும் அளவுக்கு உறுதியாக இருந்தது.

அப்படித் தப்பியவர்கள் யார் என்று கேட்டால் உங்கள் மகளாலும் சொல்ல முடியாது, சங்கரநாராயணனாலும் முடியாது. அவர்களுக்கே தெரியாது. அறுவை சிகிச்சை செய்த மருத்துவரைக் கோயில் திருவிழாவில் பார்த்தால் நாம் கைகூப்புகிறோம். இவர்களைக் கும்பிட ஆளில்லை. வராமல் போன சாவுக்குப் பெயரும் கிடையாது, முகமும் கிடையாது. உங்கள் சொந்தக்காரர்களின் முகம் மாறியதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள்மேல் வருத்தப்படாதீர்கள்.

மேற்கோள் கணக்கைப் பற்றி ஒரு வார்த்தை. ஆய்வாளர்களை எடைபோட இன்று எல்லா இடத்திலும் பயன்படும் எச்-குறியீட்டை ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் முன்வைத்ததும் அதே 2005-இல்தான். ஒரு கட்டுரை மற்றக் கட்டுரைகளுக்குள் எவ்வளவு தூரம் போனது என்பதை அது சொல்லும். திண்ணைக்கு வந்து சேர்ந்ததா என்பதைச் சொல்லாது. 2016-இல் மத்திய அரசு, 30 வயது கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையை ஊர்தோறும் கொண்டுபோக வழிமுறை வகுத்தது. வாயைப் பொறுத்தவரை அதற்குப் பின்னால் நிற்கும் பெரிய சான்று உங்கள் மாவட்டத்து மக்களின் வாயிலிருந்து வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களிலும் சங்கரநாராயணனும் அம்பிளிக்கை மருத்துவர்களும் சேர்ந்து, செவிலியர்களைக் கொண்டு, கருப்பைவாயில் அசிட்டிக் அமிலம் தொட்டுப் பார்க்கும் எளிய சோதனையை நடத்தினார்கள். கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் அறிவித்தார்கள்.

என்றாலும், லான்செட் கட்டுரையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடம் வேறு. சந்தேகம் என்று குறிக்கப்பட்டவர்கள் 5,145 பேர். சொன்னபடி மருத்துவரிடம் போனவர்கள் 3,218 பேர். மீதி 1,927 பேர் போகவில்லை.

அவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும் என்றே தோன்றுகிறது. என் பெரியம்மா அந்த ஆய்வில் இருந்தவர் அல்லர். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்தவர். கன்னத்துக்குள் வெள்ளையாக இருக்கிறது, ஆர்.சி.சி.யில் காட்டுங்கள் என்று பல் மருத்துவர் ஒருவர் தெளிவாகச் சொன்னார். பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பெரியம்மா போகவில்லை. ஒரு நாள் போனால் ஆலையில் அன்றைய கூலி போகும். அதைவிட, பேத்திக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்த நேரம். "ஏதாவது இருக்குன்னு சொல்லிட்டா கல்யாணம் நின்னுபோகும் மக்களே" என்றார். கல்யாணம் முடியட்டும் என்று நானும் விட்டேன். கல்யாணம் நடந்தது. அடுத்த கார்த்திகைக்குள் அவரால் கஞ்சிகூட விழுங்க முடியாமல் போனது. நான் விட்டது தவறு. இன்றும் அதை நினைக்காமல் அந்த வழியாகப் போனதில்லை.

பழக்கமுள்ளவர்களின் வாயைப் பார்த்தால் சாவு குறையும் என்று காட்டியாகிவிட்டது. பார்த்தபிறகும் போகாதவர்களைப் பற்றி ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு தெரிந்துகொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது. கூலி, சம்பந்தம், பயம், கூடவர ஆளில்லாமை இவற்றில் எது எவ்வளவு என்பதை ஆய்வகத்தில் உட்கார்ந்து அறிய முடியாது. நம் எல்லையில் இரண்டு மொழியும் பேசி, எந்தத் திண்ணையிலும் உரிமையோடு உட்காரக்கூடிய ஒரு பெண்ணுக்கு அது முடியும். அவள் எதை ஆராய்கிறாள் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டு எழுதுங்கள். அவள் விரும்பினால் என் பெரியம்மாவின் பேத்தியிடம் நானே அழைத்துப் போகிறேன். பாட்டி ஏன் போகவில்லை என்பதை அவள் என்னைவிட நன்றாகச் சொல்வாள்.