நான்கு பிஸ்டன் பிரேக் வாங்கும் முன் டிஸ்க்கைப் பாருங்கள்

கேள்வி: என் மவுண்டன் பைக்கில் இரண்டு பிஸ்டன் (பிரேக் கட்டையை அழுத்தும் உருளை) கொண்ட ஹைட்ராலிக் பிரேக், 160 மி.மீ. டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடு). நீண்ட இறக்கங்களில் பாதி வழியிலேயே பிடிப்பு தளர்ந்து கருகிய வாடை வருகிறது. என் எடை 88 கிலோ. நான்கு பிஸ்டன் பிரேக் வாங்கலாமா? ஷிமானோவா, ஸ்ராமா?

பதில்: வாங்கலாம், ஆனால் முதல் செலவு அதுவல்ல. உங்களைப் படுத்துவது சூடு. சைக்கிளோடு சேர்த்து நீங்கள் 100 கிலோவைத் தாண்டுகிறீர்கள். அந்த எடை 100 மீட்டர் உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் ஒரு லட்சம் ஜூல். ஒரு குவளைத் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம். காற்று கொண்டுபோவது போக, மிச்சமெல்லாம் இரண்டு மெல்லிய தகடுகளின் தலையில்தான் விழுகிறது.

ஆகவே முன் சக்கரத்தில் 180 மி.மீ. டிஸ்க்கும் அதற்கேற்ற அடாப்டரும் போடுங்கள். அதே விரல் அழுத்தத்துக்கு எட்டில் ஒரு பங்கு கூடுதல் பிடிப்பு கிடைக்கும். சூட்டை வாங்கிக்கொள்ள உலோகமும் கூடும். ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் கவை) தயாரிப்பாளர் அனுமதித்திருந்தால் 203 மி.மீ. இன்னும் நல்லது. அனுமதியில்லாத ஃபோர்க்கில் பெரிய டிஸ்க்கை மாட்டுவது விஷப்பரீட்சை.

அடுத்து பேட், அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் கட்டை. உங்கள் பழைய டிஸ்க்கை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ‘ரெசின் பேட் மட்டும்’ என்று பொடி எழுத்தில் பொறித்திருந்தால் அதில் மெட்டல் பேட் போடக் கூடாது, டிஸ்க்கைத் தின்றுவிடும். மலிவான சைக்கிள்களில் இத்தகைய டிஸ்க்தான் பெரும்பாலும் வருகிறது. விற்பவர் யாரும் வாய் திறப்பதில்லை. புது டிஸ்க் வாங்கும்போது இரண்டு வகைப் பேடையும் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். மெட்டல் பேட் சூட்டையும் சேற்றையும் தாங்கும். கீச்சிடும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். புதுப் பேட் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல், இருபது முறையாவது வேகம் குறைத்துப் பழக்குங்கள்.

இத்தனைக்குப் பிறகும் போதவில்லையென்றால் நான்கு பிஸ்டன். ஷிமானோவில் சர்வோ வேவ் என்ற நெம்பு அமைப்பு உள்ள லீவர் சட்டென்று கடிக்கும். ஸ்ராமில் பிடிப்பு படிப்படியாக ஏறும். இதில் எது உசத்தி என்று நான் சொல்ல மாட்டேன், உங்கள் விரல்தான் சொல்ல வேண்டும்.

கேள்வி: என் ஷிமானோ பிரேக்கின் லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது. காருக்கு வாங்கிய டாட் 4 பிரேக் ஆயில் வீட்டில் இருக்கிறது. அதை ஊற்றி ஏர் எடுக்கலாமா (உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றலாமா)?

பதில்: வேண்டவே வேண்டாம். ஷிமானோ, மகுரா இரண்டும் மினரல் ஆயில் பிரேக்குகள். டாட் ஆயில் பட்டால் அவற்றின் ரப்பர் சீல்கள் கெட்டுவிடும். ஒரு பழுதுபார்ப்பவர் என் சைக்கிளில் இதே காரியத்தைச் செய்தார். அடுத்த சில நாளில், அழுத்திய லீவர் திரும்பி வரவே இல்லை. லீவர், காலிப்பர் (பிஸ்டனும் பேடும் இருக்கும் கூடு) இரண்டையும் தூக்கி எறிந்தேன்.

ஹோப் பிரேக்குகளுக்கும் ஸ்ராமின் பல மாடல்களுக்கும் டாட் 5.1. ஆனால் ஸ்ராமின் டிபி8, மேவன் இரண்டும் மினரல் ஆயில். பிராண்டை வைத்து ஊகிக்காமல் லீவரின் மூடியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். டாட் 5 என்பது சிலிகான், அது 5.1-க்கு அண்ணனும் இல்லை, தம்பியும் இல்லை.

விலை ஒப்பிடும்போது இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்: டாட் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புது 5.1 குறைந்தது 260 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 180. எனவே காலாகாலத்தில் மாற்றியாக வேண்டும். பெயிண்டில் சிந்தினால் பெயிண்டும் போகும்.

கேள்வி: சக்கரத்தைக் கழற்றியிருந்தபோது லீவரை அழுத்திவிட்டேன். பேடுகள் ஒட்டிக்கொண்டன. புது காலிப்பர் வாங்க வேண்டுமா?

பதில்: ஒரு காசும் வேண்டாம். பழைய பேடுகள் உள்ளேயே இருக்கட்டும். பிளாஸ்டிக் டயர் லீவரை நடுவில் நுழைத்து மெல்ல நெம்புங்கள். பிஸ்டன்கள் உள்ளே போய்விடும்.