ஊசி போடும்போது பால் கொடுக்கலாமா, மிஸ்?

கேள்வி: மிஸ், என் மகனுக்கு அடுத்த கிழமை இரண்டு மாத ஊசி. அக்காவின் பிள்ளை கிளினிக்கில் வீறிட்டு அழுததைப் பார்த்த நாள் முதல் எனக்கு நித்திரை இல்லை. வீட்டிலிருந்து வெளிக்கிட முன்பே பனடோல் சிரப் கொடுக்கச் சொல்கிறார் மாமி. எனக்கு ஊசியைக் கண்டாலே தலை சுற்றும். இவரை உள்ளே அனுப்பிவிட்டு நான் வெளியே நிற்கட்டுமா?
- ஒரு தாய், வெள்ளவத்தை

பதில்: நிற்கலாம், அதில் குற்றமில்லை. ஆனால் பால் உங்களிடம்தானே இருக்கிறது, மகள்? அதனால் நீங்களே உள்ளே போங்கள்.

கொழும்பில் முப்பது வருடம் மிட்வைஃபாக இருந்தவள் நான். ஆரம்பத்தில் பிள்ளையை மேசையில் மல்லாக்கக் கிடத்தி முழங்காலை அமுக்கிப் பிடித்தது இந்தக் கைதான். பாதிப் பிள்ளைகள் ஊசி படுமுன்பே அலறும். ஒருநாள் ஒரு சின்னத் தாய், "பசி மிஸ், குடிச்சு முடியட்டும்" என்று எழும்ப மறுத்தாள். பின்னால் நீளமான வரிசை. எனக்குக் கோபம்தான். தாதியோ, "பரவாயில்லை, அப்படியே காலை மட்டும் காட்டுங்கோ" என்று சொல்லிக் குத்திவிட்டார். பிள்ளை முலையை விட்டு ஒரு தரம் வீறிட்டது, எங்களை ஒரு முறை முறைத்தது, திரும்பவும் கவ்விக்கொண்டது. அவ்வளவுதான். அதன் பிறகு நான் யாரையும் மேசையில் கிடத்தவில்லை.

இரண்டாம் மாதத்தில் வாயில் போலியோ சொட்டு, கையில் போலியோ ஊசி, தொடையில் பென்டா, அதாவது ஐந்து நோய்களுக்கான ஒரே ஊசி. சொட்டை முதலில் விடச் சொல்லிக் கேளுங்கள். அப்புறம் கதிரையில் அமர்ந்து, பிள்ளையின் வயிறு உங்கள் வயிற்றோடு ஒட்ட அணைத்து, பால் கொடுக்கத் தொடங்குங்கள். நன்றாகக் கவ்வி இழுத்துக் குடிக்க ஓரிரு நிமிடம் பிடிக்கும். குத்தும்போதும் நிறுத்த வேண்டாம், குத்திய பிறகும் அப்படியே குடிக்கட்டும். புரையேறும் என்று பயமுறுத்துவார்கள். நான் ஒரு தடவையும் கண்டதில்லை. கழுத்திலிருந்து கால்வரை பொத்தான் வைத்த உடுப்பு மட்டும் வேண்டாம். அதைக் கழற்றுவதற்குள் பிள்ளைக்கு வெறுத்துவிடும். நீங்கள் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போங்கள், ஊசியைப் பார்க்காமல் மகனைப் பாருங்கள். பையையும் கிளினிக் கொப்பியையும் உங்கள் கணவர் தூக்கட்டும். புட்டிப்பால் பிள்ளை என்றாலும் மடியில் நிமிர்த்தி அணைத்துப் பேச்சுக் கொடுத்தால் அழுகை சீக்கிரம் அடங்கும்.

முடிந்ததும் ஓடி வராமல் 20 நிமிடம் அங்கேயே இருங்கள்.

சரி, மாமியின் பனடோல். முன்கூட்டிக் கொடுக்க வேண்டாம். 2009இல் வெளியான செக் நாட்டு ஆய்வொன்றில், காய்ச்சல் வருமுன்பே பரசிட்டமோல் (பனடோலில் இருக்கும் மருந்து) கொடுத்த பிள்ளைகளுக்குக் காய்ச்சல் குறைந்தது, ஆனால் ஊசியால் வரும் எதிர்ப்புச் சக்தியும் கொஞ்சம் குறைந்தது. பென்டாவில் இருக்கும் குக்கல் (கக்குவான் இருமல்) தடுப்பு மருந்துதான் பெரும்பாலும் காய்ச்சலைக் கிளப்பும். ஒன்றிரண்டு நாளில் தணிந்துவிடும். காய்ச்சல் வந்தால் எவ்வளவு கொடுப்பது என்று பிள்ளையின் நிறையைச் சொல்லிக் கிளினிக்கிலேயே எழுதி வாங்குங்கள். துளி மருந்தும் சிரப்பும் ஒரே செறிவு இல்லை, கரண்டிக் கணக்கில் ஏமாறாதீர்கள். குத்திய இடத்தைத் தேய்க்க வேண்டாம், குளிர்ந்த ஈரத்துணி போதும். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் ஓயாமல் அழுதாலோ, வலிப்பு வந்தாலோ, துவண்டு போனாலோ நேரே பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: பிறந்தவுடன் இடது கையில் போட்ட பிசிஜி (காசநோய்த் தடுப்பு) ஊசி இப்போது சீழ்க் கொப்புளமாக நிற்கிறது. மஞ்சள் அரைத்துப் பூசலாமா?
- கொட்டாஞ்சேனை வாசகி

பதில்: மஞ்சளும் வேண்டாம், களிம்பும் வேண்டாம். சில கிழமை கழித்து அப்படி வருவதுதான் வழக்கம். தானாகக் காய்ந்து தழும்பாகும், பிதுக்காதீர்கள். அக்குளில் கட்டி தட்டுப்பட்டால் மட்டும் டொக்டரிடம் காட்டுங்கள்.