அமாவாசையும் எரிமலையும்

கேள்வி: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் எரிமலைகள் அதிகம் வெடிப்பதாகச் சொல்கிறார்களே, சூரியனுக்கும் சந்திரனுக்கும் அப்படியொரு வல்லமை உண்டா?

பதில்: தூண்டிவிடும் வல்லமை உண்டு, ஆனால் ஏற்கெனவே வெடிக்கும் நிலைக்கு வந்துவிட்ட எரிமலையிடம்தான் அது பலிக்கும்.

கடலில் ஓதத்தை, அதாவது கடல்மட்டத்தின் அன்றாட ஏற்ற இறக்கத்தை, எழுப்பும் அதே ஈர்ப்பு, திடமான நிலத்தையும் விட்டுவைப்பதில்லை. நிலநடுக்கோட்டை ஒட்டிய பகுதிகளில் தரையே நாள்தோறும் இருமுறை சுமார் 30 சென்டிமீட்டர் உயர்ந்து தாழ்கிறது. சுற்றியுள்ள அனைத்தும் சேர்ந்தே உயர்வதால் நமக்குத் தெரிவதில்லை. சூரியன் பூமியை இழுக்கும் விசை சந்திரனுடையதைவிடப் பலமடங்கு அதிகம் என்றாலும், ஓதத்தை உண்டாக்குவது பூமியின் இரு பக்கங்களுக்கும் இடையே அந்த இழுப்பில் உள்ள வேறுபாடே என்பதால், தொலைவிலுள்ள சூரியனின் பங்கு சந்திரனுடையதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் இரண்டின் விளைவும் ஒன்றுகூடுகிறது.

கூடினாலும், பாறைகளில் ஏற்படும் அழுத்த மாற்றம் வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் சில பங்குதான். பாறைக்குழம்பு மேலுள்ள பாறையைப் பிளந்து வெளியேற அதைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு அழுத்தம் வேண்டும். அதைச் சேர்ப்பவை கீழிருந்து ஏறிவரும் குழம்பும், அதில் கரைந்துள்ள நீராவி, கரியமில வாயு போன்றவையுமே.

ஆயினும் விளைவு அறவே இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவின் ஓரிகன் கரைக்கு மேற்கே, பசிபிக் கடலடியில் ஆக்சியல் என்ற எரிமலை உள்ளது. 2015 ஏப்ரலில் அது வெடிப்பதற்கு முந்தைய மாதங்களில், அங்கே பதிக்கப்பட்டிருந்த கருவிகள் பதிவுசெய்த சிறு நிலநடுக்கங்கள், கடல்மட்டம் தாழும் வேளைகளில் கூடின. மேலிருந்த நீரின் எடை குறையவே, இறுகிக் கிடந்த பிளவுகள் தளர்ந்து நழுவின. வெடித்து அழுத்தம் தணிந்தபின் அந்தத் தாளம் மங்கிவிட்டது. நியூசிலாந்தின் ருவாபேகு எரிமலையிலும், 2007 செப்டம்பர் வெடிப்புக்கு முந்தைய சுமார் மூன்று மாதங்களில் மட்டும், அதிர்வுகள் இருவார ஓதச் சுழற்சியோடு ஏறி இறங்கியதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. எரிமலை வெடிக்கும் நிலைக்கு முதிர்ந்திருக்கும்போதுதான் ஓதத்தின் தடம் தென்படுகிறது என்பதே இவ்விரண்டிலும் கவனிக்கத்தக்கது.

மற்றபடி, நாள்காட்டியைப் பார்த்து வெடிப்பைக் கணிப்பது வீண்வேலை. அமாவாசையும் பௌர்ணமியும் சுமார் 15 நாள்களுக்கு ஒன்றாக மாறிமாறி வருகின்றன. முன்பின் மூன்று நாள்களை ‘ஒட்டிய நாள்கள்’ எனச் சேர்த்தால், 15இல் 7 நாள்கள் அதற்குள் அடங்கிவிடும். எந்த வெடிப்பும் தற்செயலாகவே இந்தக் கணக்கில் விழ ஏறக்குறையப் பாதி வாய்ப்பு இருக்கிறது. பெரும்பாலான ‘பொருத்தங்கள்’ காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

கேள்வி: ஓதமே எரிமலைகளை இயக்கும் உலகம் எங்கேனும் உண்டா?

பதில்: உண்டு, வியாழனின் துணைக்கோளான அயோ. வியாழனின் ஈர்ப்பால் அதன் நிலம் சுமார் 100 மீட்டர் வரை எழுந்து தாழ, அந்த உராய்வின் வெப்பத்தில் உட்பகுதி உருகுகிறது. இதை முன்கூட்டியே கணித்த ஆய்வுக்கட்டுரை 1979 மார்ச் தொடக்கத்தில் வெளியானது. சில நாள்களிலேயே வாயேஜர்-1 விண்கலம் எடுத்த படத்தில் அயோவின் எரிமலைப் புகை தெரிந்தது. அருகிலுள்ள ஐரோப்பா, கனிமீடு ஆகிய துணைக்கோள்களின் இழுப்பு அயோவின் பாதையை வட்டமாக விடுவதில்லை என்பதால், அந்த உராய்வு ஓய்வதே இல்லை.