'லம் கதப' ஏன் தப்பு?

கேள்வி: அரபி இலக்கணம் படித்து வருகிறேன். 'அவன் எழுதவில்லை' என்பதற்கு 'லம் கதப' என்று எழுதினேன். ஆசிரியர் அடித்துவிட்டார். 'கதப' என்றால் 'எழுதினான்'தானே, அப்புறம் என்ன தப்பு?

பதில்: 'கதப' சரி, 'லம்'மும் சரி. இரண்டும் சேர்ந்ததுதான் தப்பு. 'லம்'முக்குப் பின் இறந்தகால வினை வராது, முளாரிஃ (நிகழ்கால, எதிர்கால) வினைதான் வரும்: 'லம் யக்துப்'. 'கதப'வை விட மனமில்லையா? 'மா கதப' என்று எழுதுங்கள், அதுவும் சரிதான்.

முளாரிஃ வந்தால் இறந்தகாலம் எங்கே போயிற்று? அதை 'லம்' வைத்திருக்கிறது. தமிழைப் பாருங்கள். 'எழுதினான்' என்பதை மறுக்கும்போது 'எழுதினான் இல்லை' என்றா சொல்கிறோம்? வினை வெறும் 'எழுத' என்று நின்றுவிடுகிறது. 'வில்லை' சேர்த்தால் நடக்காதது, 'மாட்டான்' சேர்த்தால் நடக்கப்போகாதது. நமக்குப் பின்னால் வருவது அரபியில் முன்னால் வருகிறது.

கவனம் வேண்டியது வினையின் கடைசி எழுத்தில். லா யக்துபு (எழுதுவதில்லை), லன் யக்துப (எழுத மாட்டான்), லம் யக்துப் (எழுதவில்லை). முதலில் உகரம், அடுத்து அகரம், கடைசியில் சுகூன், அதாவது உயிரொலி இல்லாமல் நிற்பது. பன்மையான 'யக்துபூன'வில் (எழுதுகிறார்கள்) லம், லன் இரண்டுக்குமே கடைசி நூன் (ன எழுத்து) விழுந்துவிடும்: லம் யக்துபூ, லன் யக்துபூ. 'யகூலு' (சொல்கிறான்) இன்னும் ஒரு படி மேலே. 'லம்' வந்ததும் கடைசி எழுத்தான லாமுக்குச் (ல) சுகூன். அதற்கு முன்னால் 'கூ'வின் நெடிலாக நிற்கும் வாவ் எழுத்தும் சுகூன். இரண்டு சுகூன் அடுத்தடுத்து நிற்காது என்பதால் வாவ் விழுந்து 'லம் யகுல்' ஆகிறது. மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். குர்ஆனின் இக்லாஸ் அத்தியாயம் மனப்பாடம் என்றால் 'லம் யலித் வலம் யூலத்' என்று சொல்லிப் பாருங்கள், சுகூன் இரண்டு இடத்திலும் காதில் விழும்.

'லா'வில் ஒரு கண்ணி உண்டு. 'லா தக்துபு' என்றால் 'நீ எழுதுவதில்லை'. 'லா தக்துப்' என்றால் 'எழுதாதே'.

வினையே இல்லாத வாக்கியத்துக்கு 'லைஸ'. 'அல்பைத்து கபீருன்' (வீடு பெரியது) மறுப்பில் 'லைஸல் பைத்து கபீரன்' ஆகும். 'கபீருன்' 'கபீரன்' ஆனதைக் கவனியுங்கள். 'லைஸ' ஆளுக்கேற்ப மாறும்: 'லஸ்து தாலிபன்', நான் மாணவன் அல்ல.

இதெல்லாம் எழுத்து அரபி. வளைகுடாப் பேச்சில் 'லம்', 'லன்' தேடாதீர்கள், அங்கே 'மா'வின் ராஜ்ஜியம். ஊர் திரும்பியவர்கள் வாயில் ஒட்டிக்கொண்டு வரும் 'மாஃபி' கூட 'மா ஃபீ', அதாவது 'இல்லை'தான்.