ஃபேக்டோரியோ: இரவானால் படுத்துவிடும் தொழிற்சாலை

கேள்வி: தொழிற்சாலை கட்டும் கணினி விளையாட்டான ஃபேக்டோரியோவில் 20 பாய்லர், 40 ஸ்டீம் எஞ்சின் வைத்திருக்கிறேன். நிலக்கரி வெட்ட 15 மின் ட்ரில்கள், பொருளைச் சுமந்து செல்லும் மஞ்சள் பெல்ட்டின் ஒரே பக்கமாக. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 100 சோலார் பேனலும் போட்டேன். மின் தேவை 33 மெகாவாட்டைத் தாண்டுவதில்லை. ஆனாலும் இரவானால் எல்லாம் மெதுவாகிறது. நேற்று ஒரேயடியாக நின்றுவிட்டது, பகல் வந்தும் எழவில்லை. இன்னும் பேனல் சேர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். பேனலையும் எஞ்சினையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்களிடம் குறைவது நிலக்கரி. அதைவிட முக்கியமாக, நிலக்கரி வெட்டும் ட்ரில்கள் அந்த நிலக்கரியால் கிடைக்கும் மின்சாரத்தையே நம்பி ஓடுகின்றன.

கணக்கைப் பார்ப்போம். ஒரு ஸ்டீம் எஞ்சின் 900 கிலோவாட். நாற்பதும் முழுதாக ஓடினால் 36 மெகாவாட். காகிதத்தில் 33-க்கு அது தாராளம். ஆனால் ஒரு நிலக்கரித் துண்டில் இருப்பது 4 மெகாஜூல். ஒரு பாய்லர் முழு வேகத்தில் 1.8 மெகாவாட் எரிக்கிறது, அதாவது வினாடிக்கு 0.45 துண்டு. 20 பாய்லருக்கு வினாடிக்கு 9 துண்டு வேண்டும். மஞ்சள் பெல்ட்டின் இரண்டு தடமும் சேர்ந்தால் வினாடிக்கு 15 போகும். ஒரு தடத்தில் 7.5 மட்டும்தான். உங்கள் 15 ட்ரில்களும், ஒன்றுக்கு அரைத் துண்டு வீதம், சரியாக அதே 7.5-ஐத்தான் வெட்டுகின்றன. அதை வைத்து 30 மெகாவாட்டுக்கு மேல் எடுக்க முடியாது.

பகலில் 100 பேனலும் 6 மெகாவாட் தருவதால் எஞ்சின்களுக்கு 27 தான் பாரம். அதனால் குறை வெளியே தெரியவில்லை. இருட்டியதும் 33-ம் எஞ்சின்கள் தலையில் விழுகிறது. பெல்ட்டின் கடைசியில் இருக்கும் பாய்லர்கள் முதலில் பசியில் அணைகின்றன. இந்த விளையாட்டில் மின்சாரம் பற்றாவிட்டால் எல்லா இயந்திரத்துக்கும் ஒரே விகிதத்தில் குறையும், லோ வோல்டேஜில் வீட்டு மின்விசிறி இழுத்து இழுத்துச் சுற்றுமே, அதேபோல. நிலக்கரி ட்ரில்லும் மெதுவாகும், பாய்லருக்கு நிலக்கரி ஊட்டும் இயந்திரக் கையான மின் இன்சர்ட்டரும் மெதுவாகும். நிலக்கரி குறைய மின்சாரம் குறையும், மின்சாரம் குறைய நிலக்கரி இன்னும் குறையும். கீழே போய்விட்டால் விடிந்தாலும் மீளாது. 33 கேட்கும் இடத்தில் 6 மெகாவாட்டைப் பங்கிட்டால் ட்ரில்கள் ஐந்தில் ஒரு பங்கு வேகத்தில்கூட ஓடாது. நேற்று உங்களுக்கு நடந்தது இதுதான்.

முதலில் இப்போதைய நிலையைச் சரிசெய்யுங்கள். மின் நிலையத்திலிருந்து தொழிற்சாலைக்குப் போகும் மின்கம்பத்தை ஷிப்ட் அழுத்திச் சொடுக்கினால் அதன் கம்பிகள் கழன்றுவிடும். நிலக்கரி ட்ரில்களும் இன்சர்ட்டர்களும் மட்டும் இணைப்பில் இருக்கட்டும். மூன்று நான்கு பாய்லர்களில் கையாலேயே ஆளுக்கு 50 துண்டு போடுங்கள். முழுப் பாரத்தில்கூட ஒரு பாய்லருக்கு அது இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பாரம் இவ்வளவு இலேசாக இருக்கும்போது இன்னும் நேரம் தாங்கும். பெல்ட் கடைசிவரை நிரம்பிய பிறகே தொழிற்சாலையை மறுபடி இணையுங்கள். பொறுக்காமல் பாதியில் இணைத்தால் திரும்பவும் படுக்கும்.

அப்புறம் நிரந்தர வேலை. பெல்ட்டின் மறுபக்கமும் ட்ரில் வையுங்கள். மொத்தம் 18 இருந்தால் வினாடிக்கு 9 துண்டு வந்துவிடும். ஆனால் நான் விளையாடும் ஒவ்வொரு வரைபடத்திலும் முதலில் செய்வது, நிலக்கரிக்கென்று தனி மின் இணைப்பு. ஒரு பாய்லரையும் அதன் இரண்டு எஞ்சின்களையும் மற்றவற்றிலிருந்து பிரித்து, நிலக்கரி ட்ரில்களுக்கும் பாய்லர் இன்சர்ட்டர்களுக்கும் மட்டும் கொடுத்துவிடுங்கள். ஒரு ட்ரில் 90 கிலோவாட் என்றால் 18 ட்ரில்லுக்கு 1.62 மெகாவாட். அந்த ஒரு பாய்லர் தருவது 1.8. அளந்து தைத்த சட்டை மாதிரி பொருந்தும். அந்தப் பாய்லர் பெல்ட்டில் முதலாவதாக இருக்க வேண்டும், நிலக்கரி முதலில் அதற்குத்தான் போய்ச் சேர வேண்டும். இனி தொழிற்சாலை எவ்வளவு திணறினாலும் சுரங்கம் தன் வேகத்தில் ஓடும். ஒரு எச்சரிக்கை: பக்கத்தில் புதிதாகக் கம்பம் நட்டால் அது தானாகவே இரண்டு இணைப்புகளையும் சேர்த்துவிடும். நட்டதும் கம்பியை ஒருமுறை கண்ணால் பாருங்கள்.

இவ்வளவு செய்ய நேரமில்லை என்றால், பாய்லர் முன்னால் இருக்கும் மின் இன்சர்ட்டர்களையாவது எரிபொருளில் ஓடும் இன்சர்ட்டர்களாக மாற்றுங்கள். தூக்கும் நிலக்கரியில் தனக்கு வேண்டியதைத் தானே எடுத்துக்கொள்ளும். ஆட்டத்தின் தொடக்கத்துக் கருவி என்று பலர் அதை ஒதுக்குகிறார்கள். பாய்லர் வாசலில் அதைவிட நம்பகமானது எதுவும் கிடையாது.

தண்ணீரில் உங்களுக்குப் பிரச்சினை இல்லை. பழைய பதிப்புகளில் ஒரு நீர்ப் பம்புக்கு 20 பாய்லர் என்பதுதான் கணக்கு. 2024 அக்டோபரில் வந்த 2.0-வில் அதே பம்பு 200 பாய்லரைத் தாங்கும்.

சோலாரைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பேனலின் உச்சம் 60 கிலோவாட், ஆனால் இரவையும் அந்தி வேளைகளையும் சேர்த்துச் சராசரி 42 தான். சேமிப்பு பேட்டரி இல்லாவிட்டால் நள்ளிரவில் அது பூஜ்யம். 25 பேனலுக்கு 21 பேட்டரி என்பது சரியான விகிதம். உங்கள் 100-க்கு 84 போட்டால் இரவு பகலாக 4.2 மெகாவாட் கிடைக்கும். 36 மெகாவாட்டையும் சோலாரிலேயே எடுக்க ஆசைப்பட்டால் ஏறக்குறைய 860 பேனலும் 720 பேட்டரியும் வேண்டும், 100-க்கு 100 கட்டத்துக்கும் பெரிய நிலம். ஆட்டத்தின் இந்த நிலையில் நான் அதைச் செய்ய மாட்டேன். அந்தச் செம்பையும் எஃகையும் வேறு வேலைக்கு வைத்திருங்கள்.

அதைவிட மலிவான வழி, இயந்திரத்துக்குள் செருகும், மின்சாரம் மிச்சப்படுத்தும் முதல் நிலை மாட்யூல். ஒன்று 30 சதவீதம் குறைக்கும், குறைப்பின் எல்லை 80 சதவீதம். ட்ரில்லில் மூன்று போட்டால் 90 கிலோவாட் 18 ஆகிவிடும். இரும்புக்கும் செம்புக்கும் சேர்த்து 100 ட்ரில் இருந்தால் 7.2 மெகாவாட் மிச்சம், அதாவது நான்கு பாய்லர். மாசும் குறைவதால், அதனால் சீண்டப்பட்டு வரும் எதிரிப் பூச்சிகளின் தாக்குதலும் குறையும்.

கடைசியாக, ஒரு மணி கட்டுங்கள். இந்த விளையாட்டில் முதலில் சோலார், அடுத்து ஸ்டீம், இரண்டும் போதாதபோதுதான் பேட்டரி கரையும். அதனால் தொழிற்சாலை இணைப்பில் ஒரே ஒரு பேட்டரியை வைத்து, சிக்னல் கம்பியால் ஒரு ஸ்பீக்கரோடு இணைத்து, பேட்டரியின் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே போனால் ஒலிக்கச் சொல்லுங்கள். சிக்னல் கம்பி மின்சாரத்தைக் கடத்தாது, ஆகவே ஸ்பீக்கரை நிலக்கரியின் தனி இணைப்பிலேயே வைக்கலாம். தொழிற்சாலை இருட்டினாலும் மணி அடிக்கும்.